மணிக்கு மூன்று குருவி

தனக்கு மணிக்கு மூன்று குருவி என்று தெரிந்த அன்று காலையிலேயே பாண்டிமீனா மினி பஸ் சாவியைக் கொண்டுபோய் முதலாளியின் மேசையில் வைத்துவிட்டாள். யாரும் கேட்பதற்கு முன்பே வைத்தாள். பத்தொன்பது வருடமாக ஆண்டிச்சிபட்டிக்கும் டவுனுக்கும் நடுவே ஒரு கோழிக்குஞ்சைக்கூட நசுக்காமல் வண்டி ஓட்டியவள் அவள். "நாப்பது பேரு உசுரு பின்னால உக்காந்திருக்கு. நடுரோட்டுல எனக்குக் கை விழுந்துச்சுன்னா யாரு ஸ்டியரிங்கப் பிடிப்பா?" என்று அவளே சொல்லிவிட்டு வந்தாள். இதை முதலிலேயே சொல்லிவைக்கக் காரணம் உண்டு. பிற்பாடு மாவட்ட அலுவலகத்தில் அவளைப் பற்றிப் பேசியவர்கள் எல்லாரும், வண்டி ஓட்ட விடச்சொல்லித் தகராறு செய்த பொம்பளை என்றுதான் பேசினார்கள். அது சுத்தப் பொய்.

குருவி என்றால் மரத்துக் குருவி இல்லை. ரத்தநாளக் காவல் என்று ஓர் அரசாங்கத் திட்டம் வந்து, கழுத்து ரத்தக்குழாய் சுருங்கியவர்களில் வண்டி ஓட்டுகிறவர், மரம் ஏறுகிறவர், மிஷினில் நிற்கிறவர் எல்லாருக்கும் தலையில் ஒரு பட்டையை மாட்டினார்கள். காதுக்கு முன்னால், நெற்றிப்பொட்டில் ஒரு வட்டத் தகடு உட்கார்ந்திருக்கும். தாடைக்கு அடியில் ஒரு வார் ஓடும். சனங்கள் அதற்கு வைத்த பெயர் கடிவாளம்.

பாண்டிமீனாவுக்கு அதை மாட்டிவிட்டவள் நஸ்ரின். மாவட்ட மையத்தில் ஒலிக்கருவி பார்க்க இருந்த ஒரே டெக்னீஷியன். முப்பது வயதுகூட ஆகாத பெண். மாட்டிய கையோடு ஹெட்போனை எடுத்துப் பாண்டிமீனாவின் காதிலும் வைத்தாள்.

"காதுக்குக் கேக்காத ஒரு ஒலிய இது மண்டைக்குள்ள அனுப்புதுக்கா. ஓடுற ரத்தத்துல பட்டுத் திரும்பி வரும். சும்மா ரத்தம்னா உஸ்ஸு உஸ்ஸுன்னு கேக்கும். உங்களுக்கு இடது கழுத்துல முக்காவாசி அடைச்சிருக்குல்ல, அதுலருந்து கடுகுல கால்வாசி சைசுக்கு ஒரு கட்டி பிஞ்சு வந்துச்சுன்னா கீச்சுன்னு கேக்கும். குருவி கத்துற மாதிரி."

"கீச்சுன்னா என்னாகும்?"

"சின்னது தானாக் கரைஞ்சிடும். உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஆனா சின்னது வர்ற வழியிலதான் பெருசும் வரும். பெருசு வந்தா வாய் கோணும், கை விழும்."

விதி எளிமையாகத்தான் இருந்தது. குருவி இல்லையென்றால் பட்டையில் பச்சை விளக்கு. மணிக்கு ஒன்றிலிருந்து ஒன்பது வரை மஞ்சள்: வேலை போகும், மாத்திரை வரும், அறுவை சிகிச்சைப் பட்டியலில் பெயர் ஏறும். பத்தைத் தொட்டால் சிவப்பு: உடனே ஆம்புலன்ஸ், ஏழு நாளுக்குள் அறுவை. முடியாதென்றால் பொறுப்பு அதிகாரி காரணத்தைக் கையால் எழுதிக் கையெழுத்திட்டு நோயாளியிடம் தர வேண்டும். சிவப்பு எங்கோ ஒன்றிரண்டுதான் வரும் என்று நினைத்து, சட்டம் எழுதியவர்கள் இந்த இடத்தில் தாராளமாக எழுதிவிட்டார்கள்.

பாண்டிமீனாவுக்குப் பட்டியலில் கிடைத்த இடம் இருநூற்றுப் பன்னிரண்டு. எட்டு மாதம் கழித்துப் போய்க் கேட்டாள். இருநூற்றுப் பன்னிரண்டு. திங்கள்கிழமை குறைதீர் நாளுக்கு மனு எடுத்துக்கொண்டு போனாள். பொறுப்பு அதிகாரி தியாகசுந்தரம் மனுவை வாங்கி, தேதி முத்திரை குத்தி, நல்ல மனிதர் மாதிரிதான் பேசினார்.

"கண்டுபிடிக்கிறது எங்க வேலைம்மா. ஆபரேஷன் வேற துறை. பட்டியல அனுப்பியிருக்கு."

"என் கழுத்துல இருக்கறத எடுங்கன்னுதான சார் பட்டைய மாட்டினேன்? அத விட்டுட்டு என்னைய வண்டியவிட்டு எடுத்துட்டீங்க."

அவர் அடுத்த மனுவுக்குக் கை நீட்டினார். அவள் அடுத்த திங்களும் போனாள். அதற்கடுத்த திங்களும் போனாள்.

பதினான்காவது மாதம் அவள் எண் இருநூற்றுப் பதினொன்று ஆனது. வரிசை நகர்ந்துவிட்டதென்று ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தாள். மறுநாள்தான் தெரிந்தது. அடுத்த தெரு சேவுகன், தென்னை ஏறுகிறவர், மணிக்கு எட்டுக் குருவி, பட்டியலில் அறுபத்தொன்று. வீட்டு வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது தம்ளர் நழுவியிருக்கிறது. வலது கை போனது, வலது கால் போனது, பேச்சு போனது. கையும் காலும் விழுந்தவருக்கு இந்தத் திட்டத்தில் அறுவை தேவையில்லையாம். பெயரை அடித்துவிட்டார்கள். அதனால்தான் அவருக்குப் பின்னால் நின்ற எல்லாரும் ஒரு படி முன்னேறியிருந்தார்கள்.

பாண்டிமீனா சேவுகனைப் பார்க்கப் போனாள். அவர் ஏதோ சொல்ல முயன்று முயன்று, முடியாமல் இடது கையால் கட்டிலைக் குத்தினார். அவர் மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாண்டிமீனாவுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அந்த ஆத்திரம் ஒரு வாரமானாலும் ஆறவில்லை.

பங்குனியில் ஊர்ப் பொங்கல் வந்தது. முளைப்பாரி தூக்கிக்கொண்டு பெண்கள் கண்மாய்க்கரைக்குக் கிளம்பினார்கள். ஓரமாகத்தான் நின்றாள் பாண்டிமீனா. ஆனால் கொட்டுச் சத்தம் கேட்டு முளைப்பாரி தலைக்கு ஏறும்போது குலவை போடாமல் நிற்க அந்த ஊரில் எந்தப் பெண்ணுக்கும் தெரியாது. நாக்கைச் சுழற்றி ஒரே மூச்சில் ஒரு நீளக் குலவை விட்டாள். பட்டை வீறிட்டது. விளக்கு சிவப்பு. இரண்டாவது குலவைக்குத் தகடு சூடாகவே ஆகிவிட்டது. கால் மணி நேரத்தில் சைரன் போட்டுக்கொண்டு ஆம்புலன்ஸ் வந்து, நல்ல திடகாத்திரமாக நின்றவளைப் படுக்கவைத்து மாவட்ட மையத்து வார்டுக்குத் தூக்கிக்கொண்டு போனது.

"நிமிஷத்துக்கு எண்பதுக்கா" என்றாள் நஸ்ரின். அவள் முகம் வெளுத்திருந்தது. "எண்பது கட்டி போயிருந்தா நீங்க இப்ப என்கிட்ட பேசவே முடியாது. என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"குலவை போட்டேன்."

நஸ்ரின் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "இப்ப ஒண்ணு போடுங்க. மெதுவா" என்றாள். பாண்டிமீனா போட்டாள். வார்டில் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். நஸ்ரின் ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள், பிறகு சிரிப்பதை நிறுத்தினாள்.

"இந்த மிஷினுக்கு எங்கயோ ஆளுகளப் படுக்கவெச்சுப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்காங்க. பேச்சு, இருமல், மெல்லுறது எல்லாத்தையும் தள்ளிடுன்னு சொல்லியிருக்காங்க. பேசுற நேரத்துல எது வந்தாலும் கணக்குல எடுக்காது. குலவைய மட்டும் யாரும் சொல்லிக் கொடுக்கல. நாக்கு ஆடுறது தாடையில அதிர்ந்து, இதுக்கு அம்புட்டும் குருவியாத் தெரியுது."

"அப்ப இது பொய்ச் சிவப்பு."

"ஆமா. நான்தான் ரத்து பண்ணணும். ஒரு மணி நேரம் முழுசா என் காதால கேட்டு, இத்தனைதான் இருக்குன்னு எழுதணும். மிஷினே சிவப்ப அழிக்க முடியாது. மனுசக் காதுதான் அழிக்கணும்னு விதி."

ஒரு மணி நேரம் கேட்டாள். மின்விசிறிச் சத்தம்கூட வேண்டாமென்று நிறுத்திவிட்டாள். இரண்டு குருவி. நிஜமானது.

"தாயி, ஒண்ணு கேக்குறேன்" என்றாள் பாண்டிமீனா. "நிஜமாவே சிவப்பு வந்தவுகளுக்கு எங்க வெச்சு ஆபரேஷன் பண்ணுவாக?"

"எனக்குத் தெரியலக்கா. நான் வந்து இதுவரைக்கும் மூணு பேருக்குத்தான் நிஜச் சிவப்பு வந்திருக்கு. மூணு பேரும் ஏழு நாள் தாங்கல."

பாண்டிமீனா கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து யோசித்தாள். ட்ரிப்புக்கு எத்தனை பேர், நாளைக்கு எத்தனை ட்ரிப் என்று பத்தொன்பது வருடம் மனக்கணக்குப் போட்டவள். "ஏழு நாளுக்கு எத்தனை மணி நேரம்?"

"நூத்தி அறுபத்தெட்டு."

"நாங்க பட்டியல்ல இருநூத்துச் சொச்சம் பேரு. நீ ஒருத்தி. தூங்காம கேட்டாலும் உன்னால எல்லாச் சிவப்பையும் அழிக்க முடியாதுல்ல?"

நஸ்ரின் கதவைப் போய்ச் சாத்திவிட்டு வந்தாள். "அக்கா, நான் யாருக்கும் பொய் எழுத மாட்டேன். இருந்தா இருக்கு, இல்லேன்னா இல்லை."

"அதுதான் தாயி எங்களுக்கு வேணும்."

"இன்னொண்ணு. ஊர் ஊரா ஆம்புலன்ஸ அலையவிட்டீங்கன்னா, எங்கயோ நிஜமா ஒருத்தர் விழுந்து கிடப்பாரு, வண்டி இருக்காது. அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்."

"ஒரு வண்டியும் நகராது. ஆஸ்பத்திரி வாசல்லயே வந்து நின்னு போடுறோம். பகல் பத்து மணிக்கு, எல்லாரும் பாக்கப் போடுறோம்."

செய்தி மினி பஸ்களில் பயணம் போனது. எந்தக் கண்டக்டரிடம் சொன்னால் எந்த ஊருக்குப் போகும் என்று பாண்டிமீனாவுக்கு அத்துப்படி. பெண்களிடம் பேசுவதில் சிரமம் இல்லை. தகராறு ஆண்களிடம்தான். குலவை பெண்கள் போடுவது. அந்தப் பக்கத்தில் எந்த ஆணும் போட்டதில்லை. முறுக்கு மீசை வைத்த ஒரு லாரி டிரைவர், "ஆம்பள குலவை போட்டா ஊரு சிரிக்கும்த்தா" என்றார்.

"வாய் கோணிப் படுத்தா மட்டும் அழுவாகளாக்கும்? நாக்க நீட்டுங்கண்ணே" என்றாள் பாண்டிமீனா.

நான்கு நாள் ஒரு தென்னந்தோப்பில் பயிற்சி நடந்தது. லோடு வண்டி வேலை போனபின் தக்காளி மார்க்கெட்டில் ஏலம் கூறும் நல்லதம்பிக்கு முதல் நாளே வந்துவிட்டது. வாயை வைத்துப் பிழைப்பவர். மற்றவர்களுக்கு எச்சில்தான் தெறித்தது. லாரி டிரைவருக்கு நாலாம் நாள் வந்தபோது, வெட்கத்தைவிட்டு அவர் அரைமணி நேரம் நிறுத்தவே இல்லை.

திங்கள்கிழமை பத்து மணிக்கு இருநூற்றுப் பத்துப் பேர் மாவட்ட மையத்தின் வாசலில் நின்றார்கள். பாண்டிமீனா முதல் குலவையை எடுத்தாள். பிறகு யார் குரல் எதுவென்று தெரியவில்லை. கட்டைக் குரலும் கீச்சுக் குரலும் சேர்ந்து எழுந்ததில், எதிர்ச் சாரி டீக்கடையில் நின்றவர்கள் கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு தலையிலும் சிவப்பு விளக்கு. உள்ளே பெரிய திரையில் மஞ்சள் புள்ளிகள் வரிசையாகச் சிவந்துகொண்டே போய், ஒன்றே ஒன்று தவிர மிச்சமில்லாமல் போனது.

தியாகசுந்தரம் படியிறங்கி ஓடி வந்தார். "என்னம்மா இது? அரசாங்க மிஷின வெச்சு விளையாடுறீங்களா?"

"பத்துக்கு மேல போயிருச்சு சார். ஏழு நாளுல ஆபரேஷன். இல்லேன்னா காரணம் எழுதிக் குடுங்க."

"இது எல்லாம் பொய்ன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"தெரியுமா? யாருக்குப் பொய், யாருக்கு நிஜம்? கேட்டுப் பாத்து அழிங்க சார். நாங்க எங்கயும் போகல."

மொத்தமாக ரத்து செய்ய அவர் தலைநகரத்துக்குப் போன் போட்டார். முடியாதென்று பதில் வந்தது. மனிதக் காது கேட்டால்தான் அழியும் என்று மென்பொருளிலேயே பூட்டு இருந்தது. அவர் நஸ்ரினைக் கூப்பிட்டார். "ஆளுக்குப் பத்து நிமிஷம் கேட்டுட்டு முடிச்சுவிடும்மா."

"குருவி மணிக்கு ஒண்ணு வர்ற ஆளும் இருக்காங்க சார். பத்து நிமிஷத்துல நான் எதக் கேக்க? விதி ஒரு மணி நேரம்."

"உன் வேலைக்கு நான் உத்தரவாதம் சொல்ல முடியாது."

"உங்ககிட்ட அதக் கேக்கலையே சார்" என்று சொல்லிவிட்டு நஸ்ரின் முதல் ஆளைப் படுக்கவைத்தாள்.

ஒரு நாளைக்கு ஒன்பது பேர். வாசலில் மற்றவர்கள் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள், புளிசாதம் கட்டிவந்து பிரித்துத் தின்றார்கள். மூன்றாம் நாள் நல்லதம்பியின் முறை. பட்டைக் கணக்கில் அவருக்கு மணிக்கு ஒரு குருவிதான். அவர் வாயை ஒரு மணி நேரம் மூட வைப்பதே பெரிய வைத்தியமாகிப் போனது. நஸ்ரின் கேட்டாள், முகம் மாறி மறுபடி கேட்டாள். பதினான்கு.

"எப்பவும் பேசிக்கிட்டே இருக்கீங்களா, மிஷின் உங்க குருவி எல்லாத்தையும் பேச்சுன்னு நெனச்சுத் தள்ளியிருக்குண்ணே" என்றாள். நல்லதம்பி அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல்முறையாகப் பேச்சற்று உட்கார்ந்தார். டூட்டி டாக்டர் வந்து ரத்தம் உறையாமலிருக்க ஊசி போட்டு, வார்டில் படுக்க வைத்தார். ஏழு நாள் முடிவதற்குள் அப்படி ஐந்து பேர் அகப்பட்டார்கள். அறுபத்து மூன்று பேரைத்தான் கேட்க முடிந்தது. ஐம்பத்தெட்டுச் சிவப்பு அழிந்தது. நூற்று ஐம்பத்திரண்டு நின்றது.

அடுத்த திங்கள் காலை ஒன்பதரை மணிக்குத் தியாகசுந்தரம் பாண்டிமீனாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். ஏழு நாளில் அவருக்குக் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது.

"உங்களுக்குப் போன மாசமே நஸ்ரின் கேட்டு ரெண்டுன்னு எழுதியிருக்கா. ரெண்டுங்கிறது ஒண்ணுமே இல்லம்மா. அத சுழின்னு திருத்தி, பச்சை போட்டுத் தர்றேன். நாளைக்கே வண்டி ஓட்டலாம். வெளிய இருக்கவங்ககிட்ட நீங்க சொன்னா கேப்பாங்க. எல்லாரும் கலைஞ்சு போகட்டும்."

சாவியின் கனம் கைக்குள் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது பாண்டிமீனாவுக்கு. காலை முதல் ட்ரிப், பள்ளிக்கூடப் பிள்ளைகள், கல்லுப்பாலத்துத் திருப்பம். ஆசையாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

"சார், நீங்க சுழின்னு எழுதினா என் மண்டைக்குள்ள இருக்கற ரெண்டும் எங்க போகும்? நாப்பது பேர ஏத்திக்கிட்டு நான் கல்லுப்பாலத்துல திரும்பணும். எழுதுறதுன்னா காரணத்த எழுதுங்க. மணி பத்தாகப் போகுது."

அவர் ஒரு படிவத்தை இழுத்து, 'நிர்வாகக் காரணங்களால்' என்று எழுதி நீட்டினார். அவள் படித்துவிட்டு அவர் பக்கமே திருப்பி வைத்தாள்.

"நிர்வாகக் காரணம்னா என்ன சார்? சேவுகன் பொண்டாட்டிக்கு நான் என்னன்னு படிச்சுக் காட்ட?"

தியாகசுந்தரம் பேனாவை மூடினார். திறந்தார். பிறகு புதுப் படிவம் ஒன்றை எடுத்து, தலை நிமிராமல் எழுதினார். அவள் நின்றபடியே எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'இத்திட்டத்தின் கீழ் அறுவை அரங்கோ அறுவை மருத்துவரோ இதுவரை ஒதுக்கப்படவில்லை.'

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. மறுபடி படித்தாள். "அப்ப பட்டியல்?"

"பட்டியல் இருக்கும்மா. அது போய்ச் சேர்ற இடம்தான் இல்லை. எத்தனை பேருக்குத் தேவைன்னு முதல்ல கண்டுபிடிக்கலாம், அப்புறம் டாக்டர் போடலாம்னு பட்டைய வாங்கினாங்க. பட்டையோட காசு முடிஞ்சுபோச்சு. ரெண்டு தடவ எழுதிக் கேட்டேன். பதில் வரல. மூணாவது தடவ நான் கேக்கல."

வரிசை இருக்கிறது, முன்னால் கதவே இல்லை. சேவுகன் அந்த வரிசையில்தான் அறுபத்தொன்றாவது ஆளாக, மரமேறாமல், ஒழுங்காக மாத்திரை தின்று நின்றிருக்கிறார். பாண்டிமீனாவுக்கு மேசையைப் புரட்டிப்போட வேண்டும் போல இருந்தது. ஆனால் அவள் வேலை இன்னும் முடியவில்லை.

"நல்லது சார். இது எனக்கு. மீதி நூத்தம்பத்தொரு பேருக்கும் இதையே எழுதுங்க. கோர்ட்டுக்குப் போற வழி எங்களுக்குத் தெரியும்."

"ஒண்ணு இருந்தா போதும்மா, நகல் எடுத்துக்கலாம்."

"நகல் வேண்டாம். அவுகவுக பேருக்கு, கையால. விதி அப்படித்தான சொல்லுது?"

அவர் எழுத ஆரம்பித்தார். பெயரைத் திரையில் பார்த்து, கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக எழுதினார். பாண்டிமீனா வாங்கி வாங்கி வெளியே அனுப்பினாள். மதியம் கடந்தது. அவர் சாப்பிடப் போகவில்லை, அவளும் உட்காரவில்லை. எல்லாம் முடிந்தபோது மணி நாலரை. அவர் விரலை நீவிக்கொண்டார்.

திரையில் பட்டியலின் உச்சி தெரிந்தது. அங்கே ஒரு மஞ்சள் புள்ளிக்கு எதிரே மட்டும் சிவந்த தேதியே இல்லை.

"அந்த ஒண்ணாம் நம்பர் யாரு சார்? வாசலுக்கு வரவே இல்லையே."

தியாகசுந்தரம் மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ஒரு பட்டை கிடந்தது. அதன் விளக்கு அணைந்திருந்தது.

"பட்டை வந்த அன்னிக்கு, எல்லாருக்கும் முன்னால சோதிச்சுக் காட்டினது என் தலையிலதான். நாலு வந்துச்சு. சிரிச்சுச் சமாளிச்சேன். ஒண்ணாம் நம்பர்ல இருக்கோம், என்னைக்கு டாக்டர் வந்தாலும் முதல்ல நமக்குத்தான்னு நெனச்சேன். மூணு வருஷம் ஆச்சும்மா."

இந்த மனிதரை வெறுக்கத்தான் அவள் ஆறேழு மாதமாகத் திங்கள்தோறும் பஸ் ஏறி வந்தாள். வெறுப்பு இன்னும் இருந்தது. அவள் அதைக் கீழே வைக்கவில்லை. வைத்துக்கொண்டே, படிவக் கட்டிலிருந்து ஒன்றை உருவி அவர் முன்னால் போட்டாள்.

"பேர எழுதுங்க சார். காரணமும் முழுசா எழுதுங்க. எழுதிட்டு, வெளிய வந்து எங்ககூட நில்லுங்க."

தியாகசுந்தரம் பட்டையை எடுத்துத் தலையில் மாட்டி, வாரைத் தாடைக்கு அடியில் இழுத்துக் கட்டிக்கொண்டு, தன் பெயரை எழுதத் தொடங்கினார்.